வியாழனில் காற்று, போடியில் களவு

அத்தியாயம் 4

வியாழக் கிரகத்துக் காற்றைத் திருடிவிட்டார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தால் அதை எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்று ஏட்டு சின்னமுத்துவுக்குத் தெரியவில்லை. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டை திருடு போயிருக்கிறது, ஜீப்பு டயர் திருடு போயிருக்கிறது, ஒருமுறை கோயில் மணியின் நாக்கு மட்டும் திருடு போயிருக்கிறது. கிரகம் போனதில்லை. ஆகவே அவர், "ஆளைக் காட்டுங்க, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன். என்ன சாமான்னு பொறவு பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆளைக் காட்டும் பொறுப்பு சந்திரவல்லியின் தலையில் விழுந்தது.

சந்திரவல்லி மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் நடத்திவிட்டு, அதை விட்டுவிட்டுத் தேனியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். முப்பத்தெட்டு வயதுப் பெண் கல்லூரி ஓய்வறையில் உட்கார்ந்து அடுத்தவர் ரகசியத்தைக் கேட்டால் அதற்குப் பெயர் வம்பு. தனி அறையில் பலகை மாட்டிக்கொண்டு கேட்டால் தொழில். இரண்டிலும் காது ஒன்றுதான் என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு உதவியாள் ரெபேக்காள். போடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஞானபாக்கியத்தின் மகள். தட்டச்சில் முதல் வகுப்பு. வாய் தட்டச்சைவிட வேகம்.

இருவரும் இப்போது தங்கபாண்டியன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கபாண்டியன் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டுக்கு மேலே தோட்டம், ஊரின் ஓரத்தில் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, இவற்றுக்கெல்லாம் மேலே ஒரே மகன். மகன் சௌந்தரபாண்டியன் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வியாழனின் காற்று எப்படிச் சுழல்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறவன். ஊருக்கு வியாழன் என்றால் குரு. குருவையே கம்ப்யூட்டருக்குள் பிடித்து வைத்திருக்கிற பையன் லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களின் ஜாதகங்களோடு ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். தங்கபாண்டியன் யாரையும் திருத்தவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

நடந்தது இவ்வளவுதான். மகன் ஒரு நீளமான தகரப் பெட்டியில் அட்டைகள் கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டருக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் அட்டைகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி காலி. நேற்று, அதாவது திங்கட்கிழமை சாயங்காலம், ஜீப்பிலிருந்து இறங்கிய சாமான்களோடு ஒரு பழைய துண்டு மூட்டை இறங்கியது. உள்ளே அத்தனை அட்டையும். ஜீப்பை ஓட்டி வந்தவன் அமாவாசை. தங்கபாண்டியனைப் பொறுத்தவரை விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது.

"எடுத்தவனே பயந்துபோயித் திருப்பி வச்சிருக்கான். இதுக்கு மேல என்னம்மா துப்பு?" என்றார்.

"அப்ப எங்களை எதுக்கு மொதலாளி கூப்பிட்டீங்க? வேடிக்கை பாக்கவா?" என்றாள் ரெபேக்காள்.

"படிச்ச பொம்பளை ஒரு வார்த்தை சொன்னா ஏட்டுக்குத் தெம்பா இருக்கும்ல."

அமாவாசை முற்றத்துத் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன ஆள். சந்திரவல்லி அவனைப் பார்த்ததும் அவன் பேச ஆரம்பித்தான், யாரும் கேட்பார்கள் என்று எதிர்பாராத குரலில்.

"ஆத்தா, மேல ஸ்டோருக்குப் போனேன். வர்ற வழியில கிட்டங்கியில நின்னேன். வீட்டுக்கு வந்தேன். வண்டியில என்ன கெடந்துச்சோ அதை எறக்கி வச்சேன். இத்தனை வருசமா இதுதான் என் சோலி. ஸ்டேசன்ல ரெண்டு அடி குடுப்பாக, அதை வாங்கிக்கிடலாம். களவாணிப் பயன்னு பேரு விழுந்துட்டா மெட்டு மேல எவன் எனக்கு வண்டிச் சாவி குடுப்பான்?"

"பேச்சைப் பாரு" என்றார் தங்கபாண்டியன்.

அப்போது மாடியிலிருந்து சௌந்தரபாண்டியன் இறங்கி வந்தான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று வேலைக்காரர்களை விரட்டுகிற வீட்டுக்குள் அவன் மட்டும் பளபளவென்று கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நடந்தான். படிப்புக்கு என்று சில சலுகைகள் உண்டுபோலும்.

"அட்டை எல்லாம் இருக்கு. ஆனா பிரயோசனம் இல்லை" என்றான் அவன். "வரிசை கலைஞ்சு போச்சு. எதுக்கப்புறம் எதுன்னு தெரியாம கம்ப்யூட்டர் படிக்காது. ரெண்டு வருச உழைப்பு. அடுத்த வாரம் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருத்தர் வர்றார். அவர் முன்னால ஓட்டிக் காட்டறதா இருந்தது."

"அந்தக் கணக்கு என்னன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள் சந்திரவல்லி.

அவன் முகம் மாறியது. அதுவரை துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றவன், சின்னப் பிள்ளைபோல நாற்காலியின் நுனிக்கு வந்தான். "வியாழன்ல நிக்கறதுக்குத் தரையே கிடையாது. முழுக்கக் காத்து. உள்ள சூடு. அடுப்புல சாம்பார் கொதிக்கும்போது அடியில இருக்கறது மேல வரும், மேல இருக்கறது ஓரமா இறங்கும் இல்லையா, வெப்பச்சலனம், அதேதான். ஆனா அந்தச் சாம்பார்ச் சட்டி நம்ம பூமியை மாதிரி ஆயிரம் பூமியை உள்ள போடற அளவு பெருசு. சட்டியும் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தி விண்கலம் எடுத்த படத்துல பட்டை பட்டையா மேகமும் பெரிய சிவப்புச் சுழலும் தெரிஞ்சதே, அது எப்படி வந்ததுன்னுதான் கேள்வி. நேர்ல போய்ப் பார்க்க முடியாது. அதனால அந்தக் காத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, அடுத்த நிமிசம் எப்படி மாறும்னு கம்ப்யூட்டரை விட்டுக் கணக்குப் போடறோம். கடைசியில படத்துல இருக்கற மாதிரியே வந்தா நம்ம கணக்கு சரி."

"வராட்டி?" என்றாள் ரெபேக்காள்.

"வந்தது" என்றான் அவன். "சுழல் தானாவே உருவாச்சு."

"எங்க வீட்டுச் சாம்பார்ல தானா எதுவும் உருவாகாதுங்க. அடிப் பிடிக்கறது மட்டும்தான்."

அவன் சிரிக்கவில்லை. மறுபடி துக்க முகத்தைப் போட்டுக்கொண்டான். சந்திரவல்லி மூட்டையைப் பிரித்தாள். அட்டைகள் மூன்று கட்டாக, சணல் கயிற்றால் நறுவிசாகக் கட்டப்பட்டிருந்தன. நாசம் பண்ண எடுத்தவன் நறுவிசாகக் கட்ட மாட்டான். அட்டைகளின் மேல் விளிம்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல.

"இது என்ன?"

"மை கொட்டியிருக்கும்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாகச் சந்திரவல்லிக்குப் பட்டது. சீக்கிரமாக வருகிற பதிலை அவள் எப்போதும் தனியாக எடுத்து வைப்பாள். மூட்டையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள வெரசாச் சொல்லிருங்க" என்றார் தங்கபாண்டியன், வாழைப்பழம் விலை கேட்கிற தொனியில்.

*

ஜீப்பு அதிக நேரம் ஆளில்லாமல் நின்றது மேலே ஸ்டோரில்தான். ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற அறை. மெட்டுக்குப் போகிற ஒரு ஜீப்பில் தோட்டத்து ஆட்களோடு இருவரும் ஏறினார்கள். உள்ளே எட்டுப் பேர், வெளியே தொங்கிக்கொண்டு எட்டுப் பேர். ரெபேக்காளின் மடியில் யாரோ ஒரு கோழியை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

"அக்கா, பூமியிலேயே இடம் இல்லை. அந்தப் பையன் அம்புட்டுப் பெரிய கிரகத்தைத் தனியா வச்சிக்கிட்டு என்ன பண்றான்?"

"காலி இடமா இருந்தாத்தான் நாம நினைச்சபடி காத்து வீசும்னு நினைச்சிருப்பான்" என்றாள் சந்திரவல்லி. சொன்ன பிறகு, தான் கல்லூரியை விட்டு வந்ததும் அப்படித்தானோ என்று தோன்றியது. அந்த யோசனையை அடுத்த வளைவில் வெளியே தள்ளிவிட்டாள்.

ஸ்டோரில் இருந்தவர் மொக்கச்சாமி. மலைக்கு மேலே நெடுங்காலம் இருந்ததில் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டவர். "எந்தா வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்தார். வெளியே அடுப்பில் விறகு எரிந்தது. அந்தச் சூடு பெரிய தகரக் குழாய் வழியாக அறைக்குள் தரையோரமாய் ஓடியது. மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். சூட்டுக் காற்று தட்டுகளின் ஊடே ஏறி, கூரையோரத்துத் துவாரம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இதான்க்கா வியாழன்" என்றாள் ரெபேக்காள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பெங்களூர் வரைக்கும் போயிருக்க வேண்டாம். அப்பாகிட்டக் கேட்டிருந்தா இங்கயே ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருப்பாரு."

சந்திரவல்லி ஓர் அட்டையை எடுத்துக் குழாய்க்கு மேலே பிடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அட்டை அப்பளம்போல ஓரம் சுருண்டது.

"இந்த மூட்டை இங்க இறங்கி ஏறினதா அண்ணே?"

"இவிடெ வந்த சாமான் எதுவும் நேரா இருக்காது, பாத்தீகள்ல. என் முதுகு உட்பட" என்றார் மொக்கச்சாமி.

மற்ற அட்டைகள் எல்லாம் தட்டையாக, புதுத் துணி மடிப்புபோல இருந்தன. அவை இந்த அறைப் பக்கமே வந்ததில்லை. ஸ்டோர் சந்தேகப் பட்டியலிலிருந்து கழன்றது.

இறங்கும்போது ஜீப்பில் கூட்டம் குறைவு. கோழிக்குப் பதிலாக ரெபேக்காளின் மடியில் மூன்று கட்டும் இருந்தன. அவள் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓர் அட்டையை உருவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இதுல பாருங்க, நாலஞ்சு ஓட்டை. இதுல நடுத்தரம். இது சல்லடை. எங்கம்மா கடையில தக்காளி வந்தாக்கூட இப்படித்தான் பிரிப்பாக. நல்லது, சுமார், அழுகல்."

சந்திரவல்லி கட்டுகளைப் பறிக்காத குறையாக வாங்கினாள். முதல் கட்டில் எல்லா அட்டையிலும் ஓட்டை குறைவு. இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல். மூன்றாவதில் அடைசலாக ஓட்டை. திருடன் கலைக்கவில்லை. தரம் பிரித்திருக்கிறான். கையில் கிடைத்ததையெல்லாம் தரம் பிரித்தே தீரவேண்டும் என்கிற கை இந்த ஊரில் எங்கே இருக்கும்?

"ரெபேக்கா, கிட்டங்கிக்கு நடக்கற தூரம்தானே?"

"காய் பொறுக்குற எடத்துக்கா? வாங்க. இன்னைக்கு நான் சொன்னதுல ஒண்ணாவது உங்களுக்கு உதவுச்சே."

*

கிட்டங்கியின் சிமெண்டுத் தரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பூச்சி துளைத்தது தனியே. அவர்களுக்கு மூத்தவள் சுருளியம்மாள். அட்டைக் கட்டைப் பார்த்ததும் அவளுக்கு முகம் கடுகடுத்தது.

"திரும்பி வந்துருச்சா? நாங்க நல்லாத்தான பிரிச்சு அனுப்புனோம். மொதலாளிக்கு இதுலயும் கொறையா?"

சந்திரவல்லி தரையிலேயே உட்கார்ந்தாள். "நீங்கதான் பிரிச்சீங்களா?"

"வேற ஆரு? வெள்ளிக்கிழமை மூட்டையைக் கொட்டுனா, காயோட காயா இது விழுகுது. மூட்டைக்குக் கட்டுற அட்டை, மொதலாளி புதுசா அடிச்சிருக்காருன்னு நெனச்சோம். சணல் கோக்க ஒரு ஓட்டை போதும்ல? எந்தக் கிறுக்கன் இம்புட்டு ஓட்டை போட்டான்னு தெரியலை. அதான், கொஞ்சமா ஓட்டை உள்ளது மொதத் தரம், நடுவால உள்ளது ரெண்டாந் தரம், மத்தது கழிவு."

"பிரிக்கச் சொல்லி யாரும் சொன்னாங்களா?"

"இங்க வந்து விழுகுற எதையும் பிரிக்காம அனுப்புனா அந்த மனுசன் வைவாரு ஆத்தா. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இங்கனயே உக்காந்திருந்தா உங்களையும் பிரிச்சிருவோம்."

பெண்கள் சிரித்தார்கள். "எங்கக்கா மொதத் தரம். நான் வெடிச்ச காய்" என்று ரெபேக்காள் தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மீதிக் கதை சுலபமாக வந்தது. நேற்று அமாவாசையின் ஜீப்பு நின்றபோது காலிச் சாக்குகளோடு மூட்டையையும் வைத்திருக்கிறார்கள். அவன் பீடி பிடிக்கப் போயிருந்தான். சொல்லவில்லை. முதலாளி சாமான் முதலாளி வீட்டுக்குத்தானே போகும், அதில் சொல்ல என்ன இருக்கிறது?

"ஆக, அவன் திருப்பிக் குடுக்கலை" என்றாள் ரெபேக்காள். "ஆனா எடுத்துச் சாக்குல போட்டது அவன்தான்னு சொன்னா?"

"அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது?" என்று சந்திரவல்லி கேட்டாள்.

"வீட்டுப் பின்கட்டுல ராவு கெடந்து காலையில வந்ததுதான். அதைக் கேக்காதீக, எனக்குச் சிரிப்பாணியா வருது. அமாவாசை தைச்ச சாக்குன்னா கத்தி வச்சு அறுத்தாத்தான் வாய் தொறக்கும். கோணி ஊசியால அப்படி இழுத்துத் தைப்பான். இது ஒரு இழுப்புல அவுந்துருச்சு. ரெண்டு பக்கமும் காது வச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சடையில ரிப்பன் கட்டுனாப்ல."

"அந்த வீட்டுல சடை பின்னுற பிள்ளை யாரும் இல்லையேக்கா" என்றாள் ரெபேக்காள்.

சந்திரவல்லி ஒரு கட்டை அவிழ்த்தாள். சணல் கயிற்றில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு காது. தினம் காலையில் குனிந்து இரண்டு காலுக்கும் அதே முடிச்சைப் போடுகிற ஒருவன்தான் கை பழகி மூட்டைக்கும் போடுவான். இவ்வளவு பெரிய வீட்டில் செருப்புக்குப் பதிலாகக் கயிறு கட்டும் ஷூ போடுகிறவன் ஒருவன்தான்.

அவளுக்கு இப்போது அவன் முகம் நினைவுக்கு வந்தது. பிரயோசனம் இல்லை, வரிசை கலைந்துபோச்சு என்று சொன்னபோது இருந்த முகம். எங்கேயோ பார்த்த முகம் என்று காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. இருபத்து நாலு வயதில் அவளை நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. அவளும் மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் அவள் மனசுக்குள்ளே யாரோ ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டுக்கொண்டே போனார்கள். அன்றைக்குப் பீரோக் கண்ணாடியில் தெரிந்த முகம்தான் அது. துக்கத்தை மேலே போர்த்திக்கொண்ட நிம்மதி.

"சுருளியக்கா, இன்னொரு தடவை பிரிச்சுத் தர முடியுமா? இந்தத் தடவை ஓட்டையைப் பார்க்க வேண்டாம். மேல் விளிம்புல சிவப்புப் புள்ளி இருக்கே, அது எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் பாருங்க. இடது கோடியில புள்ளி இருக்கறது முதல்ல. வலது கோடியில இருக்கறது கடைசியில."

சுருளியம்மாள் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "அம்புட்டுத்தானா? கொண்டா இங்கிட்டு."

*

சாயங்காலம் தங்கபாண்டியன் வீட்டு மாடியறையில் சந்திரவல்லி அட்டைகளை மேசைமேல் ஒரே அடுக்காக வைத்தாள். அம்மைப் புள்ளிகள் போயிருந்தன. அடுக்கின் மேல் பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சிவப்பாக ஒரு சாய்கோடு ஓடியது.

சௌந்தரபாண்டியன் கோட்டைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். கதவருகில் ரெபேக்காள் கடலை மிட்டாய் தின்றுகொண்டு நின்றாள்.

"அட்டை கீழே விழுந்து கலைஞ்சா மறுபடி அடுக்கறதுக்காக நீங்களே போட்ட கோடு" என்றாள் சந்திரவல்லி. "அக்கம்பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எழுதினவருக்கு அதைச் சரிபண்ண ஒரு காப்பி ஆறுற நேரம் போதும். மதுரையில என் பழைய சிநேகிதிகிட்ட டெலிபோன்ல பேசியாச்சு. அங்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. நாளைக்கே ஓட்டித் தர்றேங்கிறா. சந்தோசம்தானே?"

அவன் அடுக்கின்மேல் கையை வைத்துக் கோட்டை மறைத்தான்.

"சந்தோசத்துல பேச்சு வரலை போல" என்றாள் ரெபேக்காள்.

"ஓட்டாதீங்க" என்றான் அவன் கடைசியில்.

அதன்பின் நிறுத்தாமல் வந்தது. கணக்கு ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் ஓடும். சூடு ஏறும், குளிர்ந்தது இறங்கும், பட்டை பட்டையாக மேகம் பிரியும், பார்க்க அத்தனை அழகாக இருக்கும். கொஞ்சம் போனதும் ஏதோ ஒரு கட்டத்தில் காற்றின் வேகம் ஏறும். பக்கத்துக் கட்டத்துக்குத் தொற்றும். அப்புறம் நிற்காது. "வெளிச்சத்தைவிட வேகமாக் காத்து அடிக்கும். அதுக்கப்புறம் எண்ணே வராது. இடம் கொள்ளாத எண்ணுக்குப் பதிலா நட்சத்திரக் குறியா அடிச்சுத் தள்ளும். பக்கம் பக்கமா நட்சத்திரம்."

"வானத்து ஆராய்ச்சின்னா நட்சத்திரம் வரத்தான செய்யும்" என்றாள் ரெபேக்காள்.

"அந்தச் சுழல்?" என்றாள் சந்திரவல்லி.

"நான் வரைஞ்சேன். கையால. என் பேராசிரியர் அவ்வளவு ஆசையாக் கேட்டார். எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டார். அடுத்த வாரம் எல்லார் முன்னாலயும் ஓட்டணும்னதும்... கொளுத்திடலாம்னுதான் பார்த்தேன். முடியலை. ஒவ்வொரு அட்டையும் நான் உட்கார்ந்து அடிச்சது. சாக்குல போட்டா டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ போயிரும்னு நினைச்சேன்."

அந்தச் சாக்கு முதலில் நேராகக் கிட்டங்கிக்குப் பொறுக்கப் போகும் என்று ஏலக்காய் வியாபாரியின் மகனுக்குத் தெரியவில்லை. வியாழனின் காற்று எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று தெரிந்தவனுக்கு, தன் சாப்பாடு எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை. சந்திரவல்லிக்கு அதைச் சொல்லிக் காட்ட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கொளுத்த முடியவில்லை என்று அவன் சொன்ன இடத்தில் அவளுக்கு அவன்மேல் கோபம் பாதியாகியிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"கணக்கு தப்பினதுக்கு யாரும் உங்களைத் தூக்கில போடப் போறதில்லை. கீழே ஒருத்தன் தூணோரம் நிக்கிறான். காலையிலேருந்து நிக்கிறான். எடுத்தது நீங்கதான்னு போய்ச் சொல்லுங்க."

"சொல்ல வேண்டியதில்லை" என்றது கதவுக்கு வெளியேயிருந்து ஒரு குரல். தங்கபாண்டியன் எப்போது மேலே வந்தாரோ தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. காய் விலை சரிந்த தகவல் வந்தால் மறுவிலை யோசிக்கிற முகம். "அட்டை கெடச்சிருச்சு. சோலி முடிஞ்சது. தம்பி உடம்புக்கு முடியலைன்னு பெங்களூருக்குத் தந்தி அடிச்சிருவோம். கீழ ஏட்டு வந்திருக்காரு. அமாவாசையை ரெண்டு நாள் கூட்டிட்டுப் போயி வச்சிருந்து விடட்டும். ஊருக்கு ஒரு ஆளைக் காட்டணும்ல. பொறவு அவனுக்கு நான் செஞ்சுக்கிடுவேன்."

"உங்க வீட்டுல தரம் பிரிக்கறது பிரமாதம் மொதலாளி" என்றாள் ரெபேக்காள்.

"நீ சும்மா இரு தாயி. ஞானபாக்கியம் பிள்ளைன்னு பாக்குறேன்."

அவர் முதலில் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்கள். கூடத்தில் ஏட்டு சின்னமுத்து தொப்பியை முழங்காலில் மாட்டிவைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளு இவன்தானுங்களா?" என்றார், அமாவாசையின் பக்கம் தாடையை நீட்டி.

"அவன்தான்" என்றார் தங்கபாண்டியன்.

சந்திரவல்லி வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னால் அமாவாசையை விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊர், வெளியூர்ப் பொம்பளை ஏதோ சொல்லித் தப்பவிட்டுவிட்டாள் என்று பேசும். களவாணி என்ற பேர் அவன்மேல் அப்படியே தங்கும். அதைத் துடைக்கக்கூடிய வாய் இந்தக் கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. அது மூடியிருந்தது. சௌந்தரபாண்டியன் சொல்லாவிட்டால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் இன்னும் கொஞ்சம் பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறுத்துப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று கல்லூரியில் எந்தப் பரிசோதனையும் அவளுக்குக் காட்டியதில்லை.

ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்தார். எழுந்தார். அமாவாசை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினான்.

"அவர் இல்லை" என்றான் சௌந்தரபாண்டியன். "நான்தான் எடுத்தேன். என் அட்டையை நானே சாக்குல போட்டேன். கணக்கு தப்பு. படமும் பொய். நான் வரைஞ்சது."

"தம்பி" என்றார் தங்கபாண்டியன்.

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்ப்பா. வாசல்ல ஜாதகத்தோட வர்றவங்ககிட்டயும்."

ஏட்டு தொப்பியைப் போடுவதா எடுப்பதா என்று தெரியாமல் நின்றார். "உங்க சாமானை நீங்களே எடுத்தீகளா? அப்ப காப்பிக்கு மட்டும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அமாவாசையின் தோளில் ஒரு தட்டு தட்டினார். அரசாங்கத்தின் வருத்தம் அவ்வளவுதான்.

தங்கபாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "இப்ப என்ன செய்யப் போற?" என்றார்.

"பெங்களூர் போறேன். பேராசிரியர்கிட்ட நானே சொல்லணும்."

"அமாவாசை, வண்டியை எடு. தம்பியை பஸ்சுல ஏத்தி விடு. இந்தப் பொம்பளைகளையும் தேனியில எறக்கிட்டு வந்துரு." நேற்றுவரைக்கும் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். இடையில் எதுவும் நடக்கவே இல்லை என்பதுபோல.

அமாவாசை இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். போய் ஜீப்பைக் கிளப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பக்கம் காலிச் சாக்குகள் கிடந்தன. சௌந்தரபாண்டியன் தகரப் பெட்டியோடு வந்து, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில் முன் இருக்கைப் பக்கம் போனான். அமாவாசை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அந்த இருக்கைமேல் வைத்தான்.

"முன்னாடி இவுக ரெண்டு பேரும் உக்காரட்டும் சின்னையா" என்றான், ரொம்ப மரியாதையாக. "நீங்க பின்னாடி சாக்கோட ஏறிக்கங்க. காத்தைப் பத்தித்தான படிச்சீக. அங்கிட்டு நல்லா வரும்."

சௌந்தரபாண்டியன் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினான்.